சிறைப்பட்டோரின் உடல்நலம்: சட்டமும் திருச்சபையின் பணியும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரம் அமைந்துள்ளது. அவ்வட்டாரச் சபையொன்றில் நான் ஆயராய்ப் பணியாற்றிய நாள்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

பூச்செடியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்த சபை உறுப்பினர் ஒருவர், வரப்புத் தகராற்றில் ஏற்பட்ட அடிதடி வழக்கில் கைதாகி, நடுவரின் ஆணைப்படி ஒரு கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார். மறுநாள் காலை அவருடைய மனைவி ஆயர் இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு மாத்திரைப் பொட்டலம் இருந்தது. “ஐயா, இதை மட்டும் அவருகிட்டச் சேர்த்துருங்க. நடுவுல விட்டா எல்லாம் வீணாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார். அவருடைய கணவர் காசநோய்க்கு இரண்டாம் மாதமாக மருந்து உட்கொண்டு வந்தார் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். சபையில் ஒருவருக்கும் தெரியாது. நோயை மறைத்தே வைத்திருந்தனர்.

நான் சென்றேன். மனுப் போட்டு அவரைப் பார்த்தேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வெளி மருந்தை உள்ளே அனுப்ப இயலாது என்றனர். அவ்விதி தேவையான விதியே. சீட்டைப் பெறவும், அரசு மருத்துவமனையோடு தொடர்பு கொள்ளவும், வழக்கறிஞர் மூலம் மனுச் செய்யவும் நாள்கள் கடந்தன. அவர் மருந்தின்றி இருந்த நாள்கள் பதினொன்று. பின்னர் பிணையில் வந்து மீண்டும் சிகிச்சையைத் தொடர்ந்து நலமடைந்தார் என்பது இறைவனின் அருள்.

அங்கிருந்த எவரும் கொடியவர் அல்லர். உள்ளே வந்த அன்று அவரிடம் நோயைப்பற்றி எவரும் வினவவில்லை. அவரும் வெட்கத்தினால் வாய் திறக்கவில்லை. என் குறையையும் நான் சொல்லவேண்டும். ஜெபித்தேன், பலகாரம் வாங்கிக்கொடுத்தேன், ஆறுதல் சொன்னேன். ஆனால் சிறைக்குள் வருகிற ஒவ்வொருவரின் உடல்நிலையும் சோதிக்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்படவேண்டும் என்று 1894 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது என்பதை நான் அறியவில்லை. அறிந்திருந்தால் முதல் நாளே அந்தப் பதிவேட்டைக் குறித்துக் கேட்டிருப்பேன். பதினொரு நாள்கள் வீணாகியிருக்கமாட்டா.

சிறைப்பட்டோரைச் சென்று பார்ப்பது நம் ஆண்டவர் நமக்கிட்ட பணி. அப்பணி, அவர்களுடைய உடல்நலத்தைக் காக்கும் சட்டத்தை அறிவதையும், அச்சட்டம் நிறைவேறுகிறதா என்று பார்ப்பதையும், குறையுள்ள இடத்தில் நல்ல சட்டத்துக்காகப் பாடுபடுவதையும் உள்ளடக்கியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எபெத்மெலேக்கு செய்த இரண்டு காரியங்கள்

சிறை ஊழியத்தைக் குறித்துப் பேசுகையில் நாம் பெரும்பாலும் மத்தேயு 25 ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறோம். அங்கே நோயுற்றோரும் சிறைப்பட்டோரும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றனர். இவ்விரு நிலைகளும் ஒரே மனிதரிடத்தில் கூடும்போது என்ன செய்வது என்பதற்கு எரேமியாவின் நூல் தெளிவான வழியைக் காட்டுகிறது.

எரேமியா முதலில் யோனத்தானுடைய வீட்டில் அடைக்கப்பட்டிருந்தார். மீண்டும் அங்கே அனுப்பப்பட்டால் செத்துப்போவேன் என்று அவர் அரசனிடம் முறையிட்டார். சிதேக்கியா அரசன் அவரைக் காவற்சாலையின் முற்றத்தில் வைக்கவும், நகரில் அப்பம் உள்ளவரையில் நாள்தோறும் ஓர் அப்பம் கொடுக்கவும் கட்டளையிட்டான் (எரேமியா 37). சிறைப்பட்டவனுக்குக் காற்றும் ஆகாரமும் அரச ஆணையினால் உறுதிசெய்யப்பட்டதை இங்குக் காண்கிறோம். தனிமனிதரின் தயவுக்கு விடப்படாமல், தலைநகரின் அப்பக்கடை வீதியின்மேல் அது கடமையாக வைக்கப்பட்டது.

அடுத்த அதிகாரத்தில் அவர் சேறு நிறைந்த துரவில் இறக்கப்படுகிறார். அப்போது எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு என்னும் அரண்மனைப் பணியாளர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். முதலாவது, பென்யமீன் வாசலில் அமர்ந்திருந்த அரசனிடம் நேரே சென்று, நடந்தது தீமை என்று எடுத்துரைத்து, எரேமியாவை வெளியே எடுக்க ஆணையும் முப்பது ஆள்களும் பெறுகிறார். இரண்டாவது, கயிறு அக்குளை அறுக்காதபடி பழந்துணிகளைத் தேடி எடுத்துவந்து, அவற்றைக் கயிற்றுக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

ஆணை மட்டும் இருந்திருந்தால் கயிறு சதையை அறுத்திருக்கும். பழந்துணி மட்டும் இருந்திருந்தால் துரவை நெருங்கவே முடிந்திராது. நம் சிறை ஊழியங்களில் பழந்துணிக்குக் குறைவில்லை. அரசனிடம் செல்லும் பகுதியையே நாம் விட்டுவிட்டோம்.

2. ஜான் ஹோவர்டும் 1774 ஆம் ஆண்டுச் சட்டமும்

சிறைக்கைதிகளின் உடல்நலத்துக்காகச் சட்டம் பிறந்த வரலாற்றில் ஆங்கிலேயராகிய ஜான் ஹோவர்டின் பெயர் முதலிடம் பெறுகிறது. அவர் வழக்கறிஞரல்லர், மருத்துவருமல்லர். பக்தியுள்ள நிலக்கிழார். 1756 இல் கடற்பயணத்தின்போது பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டுச் சிலகாலம் சிறையிருந்தவர். 1773 இல் பெட்ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவி அவருக்குக் கிடைத்தது. பலர் அதை வெறும் மரியாதைப் பதவியாகவே வைத்திருந்தனர். அவரோ தம் பொறுப்பிலிருந்த சிறையைத் தாமே சென்று பார்த்தார். ஜான் பனியன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அடைபட்டிருந்த பெட்ஃபோர்டு மாவட்டச் சிறைதான் அது.

அங்கே குற்றமற்றவர் என்று விடுதலையானவர்களும் வெளியேற முடியாமல் கிடப்பதைக் கண்டார். சிறை அதிகாரிக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் செலுத்தும் கட்டணமே அவருக்கு வருவாய். கட்டணம் செலுத்த வழியில்லாதவர் உள்ளேயே இருக்கவேண்டியதுதான். அதிகாரிக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்டு கேட்டபோது, வேறெங்கேனும் அப்படி நடக்கிறதா என்று மாவட்ட நீதிபதிகள் வினவினர். அதற்கு விடை தேடியே அவர் ஊர் ஊராய்ச் சிறைகளைப் பார்க்கப் புறப்பட்டார்.

அவர் கண்டவற்றுள் மிகக் கொடியது சிறைக்காய்ச்சல். தூக்கிலிடப்பட்டவர்களைக் காட்டிலும் அக்காய்ச்சலால் மாண்டவர்களே அதிகம் என்று அவர் எழுதினார். சிறைகளைப் பார்த்துவரும்போது அவருடைய உடையில் ஏறிய நாற்றத்தினால் மூடிய வண்டியில் அமர முடியாமல் குதிரைமேலேயே பயணம் செய்தார். குறிப்பேட்டின் தாள்களையும் நெருப்பருகே விரித்துவைத்த பின்னரே பயன்படுத்த முடிந்ததாம். அக்காய்ச்சலை உடலில் பற்றும் பேன் பரப்புகிறது என்பது 1909 இல்தான் கண்டறியப்பட்டது. கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்தவர் எண்ணினர். எனினும் குளியலும் தூய்மையும் நோயைக் குறைக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

1774 இல் ஹோவர்டு பாராளுமன்றத்தின் முன் சாட்சி பகர்ந்தார். அவ்வாண்டே இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, விடுதலையானவரிடம் கட்டணம் பெறுவதை ஒழித்தது. மற்றொன்று, கைதிகளின் உடல்நலத்துக்கான சட்டம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுவர்களைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் செய்யவேண்டும். நோயுற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை வேண்டும். குளிக்க ஏற்பாடு வேண்டும். சம்பளம் பெறும் மருத்துவர் ஒருவர் அமர்த்தப்பட்டு, கைதிகளின் நலம்பற்றி நீதிபதிகளுக்கு அறிக்கை தரவேண்டும். இச்சட்டத்தைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதிச் சிறையில் எல்லாரும் காணும் இடத்தில் தொங்கவிடவும் வேண்டும்.

இத்துடன் ஹோவர்டு ஓய்ந்திருந்தால் அச்சட்டம் ஏட்டோடு நின்றிருக்கும். அவர் தம் சொந்தச் செலவில் சட்டத்தை அச்சிட்டுச் சிறை அதிகாரிகளுக்கு அனுப்பினார். பிறகு மீண்டும் சிறை சிறையாய்ச் சென்று, சுவர் வெள்ளையடிக்கப்பட்டதா, மருத்துவர் வருகிறாரா, பலகை தொங்குகிறதா என்று பார்த்தார். பல இடங்களில் சட்டம் மதிக்கப்படவில்லை என்பதை 1777 இல் வெளியிட்ட நூலில் இடம்வாரியாக எழுதினார். 1790 இல் கெர்சன் நகரில் காய்ச்சல் கண்டு அவர் இறந்தார். சட்டம் பெற்றபின் திரும்பவும் உள்ளே சென்று பார்த்த இச்செயலே அவருடைய வாழ்வில் நமக்கு மிகவும் வேண்டிய பாடமாகும்.

3. 1894 ஆம் ஆண்டுச் சட்டமும் வத்தலக்குண்டு சுப்பிரமணிய சிவாவும்

இந்தியாவில் சிறைகளுக்கு அடிப்படையாய் அமைந்தது ஆங்கில ஆட்சி இயற்றிய 1894 ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். தமிழ்நாடு சிறை விதிகள், 1983 என்பவையும் அதன் அதிகாரத்தில் எழுந்தவையே. இச்சட்டத்தைப் பலர் அடக்குமுறைச் சட்டமென்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். அதனுள் மருத்துவம்பற்றி எவ்வளவு கூறப்பட்டுள்ளது என்பதை நாம் பொறுமையுடன் படிக்கவேண்டும்.

24 ஆம் பிரிவின்படி, உள்ளே வரும் கைதியின் உடல்நிலையும் உடலிலுள்ள காயங்களும் பதிவு செய்யப்படவேண்டும். 37 ஆம் பிரிவின்படி, மருத்துவரைப் பார்க்க விரும்பும் கைதியையும், நலங்குன்றித் தோன்றும் கைதியையும் பற்றிக் காவலர் தம் மேலதிகாரிக்குத் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். 39 ஆம் பிரிவு ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிக்குத் தக்க இடமோ இருக்கவேண்டும் என்கிறது. கடுமையான நோயுற்றிருக்கும் கைதியை, வெளியே அனுப்புவது தீங்கற்றது என்று மருத்துவர் கருதும்வரை, அவருடைய விருப்பத்துக்கு மாறாக விடுதலை செய்யலாகாது என்று 26 ஆம் பிரிவு கூறுகிறது.

இவற்றுள் 15 ஆம் பிரிவு என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. கைதி இறந்தால் மருத்துவர் எழுதவேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. அவர் எந்நாளில் முதன்முதலாக நோயைப்பற்றிச் சொன்னார்? அன்று அவருக்கிடப்பட்டிருந்த வேலை என்ன? உணவு என்ன? எந்நாளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்? மருத்துவருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது? இறப்பதற்குமுன் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டார்? இவை இறந்தபின் கேட்கப்படும் கேள்விகள். இவற்றையே உயிரோடிருக்கும்போது ஒருவர் கேட்பாரானால் எத்தனை மரணங்கள் தவிர்க்கப்படும்!

இச்சட்டத்தின் குறை எங்கே உள்ளது? 13 ஆம் பிரிவில் விடை கிடைக்கிறது. மருத்துவ அதிகாரி சிறைக் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். அடைத்துவைக்கும் துறைக்கே அவர் கணக்கு ஒப்புவிக்கிறார். அதே சட்டம் கசையடியையும் தண்டனையாக அனுமதித்தது. அடி தாங்கும் உடல் இது என்று சான்றளிக்கும் வேலையும் மருத்துவருக்கே தரப்பட்டது. கைதிக்கு உடல்நலம் ஓர் உரிமை என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. அரசுக்குச் செய்யவேண்டிய அலுவலாக மட்டுமே அது எழுதப்பட்டது.

இதன் விளைவை நம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் ஒருவரின் வாழ்விலேயே காண்கிறோம். சுப்பிரமணிய சிவா 1884 இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். வ. உ. சிதம்பரனாருடன் 1908 இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1912 இல் வெளிவந்தபோது தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது. நோயைக் காரணங்காட்டி அவருக்கு இரயில் பயணம் மறுக்கப்பட்டது. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர்களைச் சுற்றினார். 1925 இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். மருத்துவச் சோதனையையும் சிறை மருத்துவமனையையும் பற்றிக் கூறும் சட்டம் அப்போது பதினான்கு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

4. நீதிமன்றங்கள் காட்டிய வழி

விடுதலைக்குப்பின் நெடுங்காலம் சட்டமன்றங்கள் இத்துறையில் வாளாவிருந்தன. சிறைகளிலிருந்து வந்த கடிதங்களே நீதிமன்றங்களை எழுப்பின. தில்லிச் சிறையில் மற்றொரு கைதி வதைக்கப்பட்டதைக் குறித்துச் சுனில் பத்ரா என்னும் கைதி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டு, 1979 டிசம்பரில் தீர்ப்பளிக்கப்பட்டது. சிறைச் சுவருக்குள்ளும் அடிப்படை உரிமைகள் செல்லும் என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1948 இல் தாமே சிறையிருந்தவர். 1957 முதல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவர்.

பெங்களூர் மத்திய சிறையிலிருந்து சென்ற ஒரு கடிதத்தின்மேல் எழுந்த இராமமூர்த்தி வழக்கில், 1996 இல் உச்ச நீதிமன்றம் சிறைகளின் ஒன்பது குறைகளைப் பட்டியலிட்டது. இடநெருக்கடியும், விசாரணைத் தாமதமும், உடல்நலத்தையும் தூய்மையையும் புறக்கணித்தலும் அவற்றுள் அடங்கும். பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. நீதிபதி முல்லா தலைமையிலான குழு 1983 இலேயே அதைக் கூறியிருந்தது.

தாயோடு சிறையில் வாழும் குழந்தைகளைப்பற்றி 2006 இல் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிகளை வகுத்தது. இயன்றவரை பேறுகாலத்தைச் சிறைக்கு வெளியே மருத்துவமனையில் அமைக்கவேண்டும். சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறையின் பெயர் வரலாகாது. ஆறு வயது வரை குழந்தை தாயோடிருக்கலாம் என்பன அவற்றுள் சில.

சாதியும் உடல்நலத்தைத் தொடும் பொருளே. கழிவறை கழுவுவதும் சாக்கடை அள்ளுவதும் இன்ன சாதிக்கென்று பகுக்கப்படும் இடத்தில், நோயும் அச்சாதிக்கே பகுக்கப்படுகிறது. சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிவழி வேலைப் பகுப்பும் அறைப் பிரிவும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. கைகளால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் சிறைகளையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறியது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகள் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்ட செய்தியும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. சபைகள் நிறைந்த ஒரு நகரில் நெடுநாள் நிலவிய இவ்வழக்கத்தைக் குறித்து நாம் பேசாதிருந்தோம் என்பது நமக்குத் தலைகுனிவே.

ஆயினும் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது தவறு நடந்தபின் வருகிறது. மருத்துவரை அமர்த்தவும் பணம் ஒதுக்கவும் அறிக்கை கேட்கவும் நிலையான ஏற்பாடு சட்டமன்றத்தினால்தான் ஆகும். நம் அரசியலமைப்பில் சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே இப்பொறுப்பு முதன்மையாகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு உரியது.

5. அலுவலிலிருந்து உரிமைக்கு

அண்மைக்காலச் சட்டங்கள் சிலவற்றில் நல்ல மாற்றம் தென்படுகிறது. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103 ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநல மருத்துவ நிலையம் வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறை மருத்துவர் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அவ்வாரியம் சிறைத்துறையைச் சார்ந்ததன்று என்பதைக் கவனிக்கவேண்டும். அதே ஆண்டு எச்.ஐ.வி. பற்றிய சட்டம், அரசின் காவலிலுள்ளோருக்குத் தடுப்பு, பரிசோதனை, சிகிச்சை ஆகியவை உரிமை என்றே கூறுகிறது. 1894 க்கும் 2017 க்கும் இடையே மொழி மாறியிருப்பதை இங்குக் காணலாம்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குடிமக்கள் பாதுகாப்புச் சட்டமும், கைதானவரை மருத்துவர் சோதிக்கவேண்டும் என்றும், அவருடைய உடல்நலத்துக்குக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்றும் கூறுகிறது. இவ்விதி புதியதன்று, முந்தைய சட்டத்திலும் இருந்தது. இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் கொடுமையாகத் தாக்கப்பட்டபின், மருத்துவச் சான்றோடும் நடுவரின் ஆணையோடும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 22, 23 ஆகிய நாள்களில் இருவரும் மருத்துவமனையில் இறந்தனர். மருத்துவர், நடுவர், சிறை என்று சட்டம் வைத்திருந்த மூன்று வாயில்களிலும் ஒருவராவது அவர்கள் உடலை உற்றுப் பார்த்திருக்கவேண்டும். பார்ப்பதற்கென்று வைத்த இடத்தில் கையொப்பம் மட்டும் இடப்படுமானால் சட்டம் உயிரற்றதாகிறது.

உலக அளவில் 2015 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள் சிறந்த அளவுகோலாகும். கைதிக்கு வெளியில் உள்ளோர்க்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் இலவசமாகக் கிடைக்கவேண்டும்; காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கான சிகிச்சை இடையில் அறுபடலாகாது என்று 24 ஆம் விதி கூறுகிறது. சில நாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. நார்வே 1988 இலும், பிரான்சு 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், சிறை மருத்துவத்தைப் பொது மருத்துவத் துறையிடம் ஒப்படைத்தன. இங்கிலாந்தில் இம்மாற்றம் 2006 இல் நிறைவுற்றது. மருத்துவர் சிறைக்குள் பணியாற்றினாலும் சிறை அதிகாரியின் கீழ் இருப்பதில்லை.

நம் நாட்டில் மேற்கு வங்காளம் 1992 இலும், கேரளம் 2010 இலும் தமக்கெனப் புதிய சட்டம் இயற்றின. 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு மாதிரிச் சட்டம் ஒன்றை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மாதிரி தானாகச் சட்டமாகிவிடாது. மாநிலச் சட்டமன்றம் எடுத்துத் திருத்தி நிறைவேற்றினால்தான் உயிர் பெறும்.

6. சட்டத்தில் இடம்பெற வேண்டியவை

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, நல்ல சட்டத்தில் நான்கு காரியங்கள் தெளிவாக எழுதப்படவேண்டும்.

முதலாவது, சிறை மருத்துவர் நலவாழ்வுத் துறையின் கீழ் இருக்கவேண்டும். அடைப்பவரும் குணப்படுத்துபவரும் ஒரே தலைமைக்குக் கீழ்ப்படிந்தால், குணப்படுத்துபவரின் வாய் அடைபடும்.

இரண்டாவது, உள்ளே வரும்போது ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்து எது என்று கட்டாயம் கேட்டுப் பதிவு செய்து, குறித்த காலத்துக்குள் அது தொடர வழி செய்யவேண்டும். காசநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் மனநோய்க்கும் இது உயிர்நாடி. காசநோய் மருந்து இடையில் நின்றால், மருந்துக்கு அடங்காத நோயாக மாறக்கூடும். வெளியேறும்போதும் மருந்தும் சீட்டும் கையில் தரப்படவேண்டும்.

மூன்றாவது, வழிக்காவல். மருத்துவர் எழுதிக்கொடுத்தும், உடன் செல்லக் காவலர் இல்லாமையால் மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போவது சிறைகளை அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. மருத்துவர் நாள் குறித்தால் வழிக்காவல் தரப்பட்டே ஆகவேண்டும், தரத் தவறினால் காரணம் எழுதப்படவேண்டும் என்று சட்டம் கூறவேண்டும். கிளைச் சிறைகளுக்கு இது இன்னும் அவசியம். அவற்றுள் பல, முழுநேர மருத்துவரின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கின்றன.

நான்காவது, வெளியார் பார்வை. சிறைக்குச் சம்பந்தமில்லாதவர் முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து, பதிவேட்டைப் பார்த்து, நோயாளியோடு தனியே பேசி, அறிக்கையைப் பொதுவில் வைக்க அதிகாரம் வேண்டும்.

இவற்றுக்கு ஒரு மறுப்பு எழுவதை நான் அறிவேன். வெளியே எத்தனையோ ஏழைகள் மருத்துவமின்றி வாடும்போது குற்றவாளிக்கு ஏன் இவ்வளவு என்று சபையாரே கேட்கின்றனர். இதற்கு மூன்று விடைகள் உண்டு. வெளியே உள்ள ஏழை விடியற்காலையில் பேருந்து ஏறித் திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கலாம். சிறைப்பட்டவனுக்கு அந்தக் கால்களை அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே அவனை மருத்துவரிடம் கொண்டுசெல்வதும் அரசின் கடனாகிறது. அடுத்து, சிறையிலுள்ளோர் பெரும்பாலும் தண்டிக்கப்பட்டவர்களே அல்லர். 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். 4,36,266 பேருக்கான இடத்தில்தான் இத்தனை பேரும் இருந்தனர். தமிழ்நாட்டில் ஒட்டுமொத்த இடநெருக்கடி அவ்வளவு கடுமையாக இல்லை என்பதையும் நேர்மையாய்க் கூறவேண்டும். அவ்வாண்டு நாடெங்கும் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 1,773 பேரின் மரணம் நோயினாலும் முதுமையினாலும் ஏற்பட்டதாகப் பதிவாகியுள்ளது. இயற்கை மரணம் என்று எழுதப்பட்டவற்றுள் உரிய காலத்தில் மருந்து கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை எத்தனை என்று அக்கணக்கு கூறுவதில்லை.

மூன்றாவது விடை, நோயும் கலகமும் சிறைச் சுவருக்குள் அடங்கி நில்லா. காவலரும் அவர்தம் குடும்பத்தாரும் அதே காற்றையே சுவாசிக்கின்றனர். 1999 நவம்பர் 17 அன்று, மருத்துவமனையில் ஒரு கைதி இறந்த செய்தி பரவியதும் சென்னை மத்திய சிறையில் பெருங்கலவரம் மூண்டது. சிறை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டனர். நோயாளிக்கு ஆகவேண்டியது ஆயிற்று என்று எல்லாரும் நம்பத்தக்க ஏற்பாடு, காவலரின் உயிரையும் காக்கிறது.

7. குருமாரும் மாணவரும் செய்யத்தக்கவை

கிறிஸ்துமஸ் காலத்தில் கீதம் பாடிப் பலகாரம் வழங்குவதோடு நம் சிறை ஊழியம் முடிந்துவிடலாகாது. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியும் மத்திய சிறையும் அருகருகே இருக்கின்றன. ஆண்டுகள் பலவாக மாணவர் அம்மதிலைப் பார்த்தே நடந்துசெல்கின்றனர். அம்மதிலுக்குள் நடைமுறையிலுள்ள சட்டத்தையும் ஒரு பாடமாகப் படித்தால் நலமாயிருக்கும்.

சிறைவாசியைப் பார்க்கச் செல்லும்போது மூன்று கேள்விகளை வழக்கமாக்கிக்கொள்ளலாம். உள்ளே வந்த அன்று மருத்துவர் உம்மைச் சோதித்தாரா? நீர் உட்கொண்டுவந்த மருந்து தொடர்ந்து கிடைக்கிறதா? மருத்துவமனைக்குச் செல்ல நாள் குறித்தும் செல்ல இயலாமல் போனதுண்டா? விடை குறையாயிருந்தால் முதலில் கண்காணிப்பாளரிடம் மரியாதையுடன் எடுத்துரைக்கவேண்டும். அவர்களுள் பலர் நற்பணி செய்ய விரும்புவோரே. ஆளும் வாகனமும் பற்றாமல் திணறுகிறார்கள். அங்கே தீராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அதன் உதவி கைதிகளுக்கு இலவசம்.

சிறை விதிகளில் அலுவல்சாராப் பார்வையாளர்களுக்கு இடமுண்டு. தகுதியுள்ள ஆயரும், ஓய்வுபெற்ற செவிலியரும் மருத்துவருமான சபையாரும் அப்பொறுப்புக்கு முன்வரவேண்டும். பெண்கள் பகுதிக்குப் பெண் பார்வையாளர்கள் மிகவும் தேவை.

சட்டமன்ற உறுப்பினர் நம் ஊர்த் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வருகிறார். சாலையும் தண்ணீரும் கேட்டு அவரிடம் மனுக் கொடுக்கிறோம். சிறை மருத்துவத்துக்காக ஒரு மனு கொடுத்த சபை ஏதேனும் உண்டோ? கைதிகளாய் உள்ளவர்க்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. அவர்களுக்காக எவரும் கேட்காவிட்டால் கேட்கப்படாமலே போகும். எபெத்மெலேக்கு அரசனிடம் சென்றதும் இதே காரணத்தினால்தான். துரவிலிருந்தவரின் குரல் பென்யமீன் வாசலை எட்டாது.

அந்த மாத்திரைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்த அம்மையார் இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார். அவர் அன்று என்னிடம் பிரசங்கம் கேட்க வரவில்லை. தம் கணவருக்கு அன்றைக்குரிய மருந்து சேரவேண்டும் என்று மட்டுமே கேட்டார். அவருக்கு விடையளிக்க எனக்கு ஜெபமும் வேண்டியிருந்தது. 24 ஆம் பிரிவும் வேண்டியிருந்தது. அடுத்த முறை அப்படியொருவர் நம் வாசலில் வந்து நிற்கும்போது, இரண்டும் நம்மிடம் ஆயத்தமாயிருக்கும்படி கற்றுக்கொள்வோமாக.